நடக்காத 400 கோடி மோதல்கள்: டபிள்யூ போசானின் நிறையை அளக்க உதவிய கணினி

ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்னில் இயங்கும் சிஎம்எஸ் ஆய்வுக் குழு, டபிள்யூ போசான் என்னும் அடிப்படைத் துகளின் நிறையைக் கடந்த 2024 செப்டம்பரில் அறிவித்தது. இதற்காக, 2016-ஆம் ஆண்டில் பதிவான சுமார் 30 கோடி மோதல் நிகழ்வுகளை அக்குழு ஆராய்ந்தது. அவற்றுடன் ஒப்பிடப் பயன்பட்ட நிகழ்வுகளோ 400 கோடி. அந்த 400 கோடியில் ஒன்றுகூட உண்மையில் நிகழவில்லை. அனைத்தும் கணினியில் உருவாக்கப்பட்டவை.

உண்மையான தரவைவிடப் பன்மடங்கு செயற்கைத் தரவு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. விடை, டபிள்யூ போசானின் தன்மையில் உள்ளது. புரோட்டான்கள் மோதும்போது தோன்றும் இத்துகள் கணப்பொழுதினும் மிகக் குறைந்த நேரத்தில் சிதைந்துவிடுகிறது. சிஎம்எஸ் ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்ட சிதைவில் ஒரு மியூவானும் ஒரு நியூட்ரினோவும் வெளிப்படுகின்றன. மியூவான் உணர்கருவியில் தடம் பதிக்கிறது. நியூட்ரினோ எந்தத் தடயமும் இன்றி வெளியேறிவிடுகிறது. ஆகவே இரண்டையும் கூட்டி, தாய்த்துகளின் நிறையைக் கணக்கிட வழியில்லை.

எனவே விஞ்ஞானிகள் மறுமுனையிலிருந்து தொடங்குகின்றனர். டபிள்யூ போசானின் நிறை இவ்வளவு இருந்தால் மியூவான்களின் உந்தம் எவ்வாறு பரவியிருக்கும், சற்றே கூடினால் எவ்வாறு மாறும் எனக் கணினியில் கணக்கிட்டு, எது உண்மைத் தரவுடன் பொருந்துகிறது எனப் பார்க்கின்றனர். பெயிண்ட் கடையில் சுவரின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிடுவதைப் போன்றது இது.

சீட்டாட்டத்தில் பிறந்த முறை

புரோட்டான் என்பது குவார்க்குகளும் குளுவான்களும் அடங்கிய ஒரு கூட்டம். மோதலில் என்ன விளையும் என்பதற்குக் குவாண்டம் இயற்பியல் நிகழ்தகவுகளை மட்டுமே தருகிறது. ஆகவே கணினி ஒவ்வொரு கட்டத்திலும் தற்செயல் எண்களைக் கொண்டு, பகடை உருட்டுவதுபோல் முடிவு செய்கிறது. இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்வாவ் உலாம், தனியே சீட்டாடிக்கொண்டிருந்தபோது இந்த எண்ணம் அவருக்கு உதித்தது. அவருடைய மாமா ஒருவர் சூதாடச் செல்லும் மொனாக்கோ நகரப் பகுதியின் பெயரே முறைக்கும் நிலைத்துவிட்டது.

முதலில், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான பித்தியா போன்ற மென்பொருள்கள் மோதலையும் அதிலிருந்து தெறிக்கும் துகள்களையும் உருவாக்குகின்றன. அடுத்து, ஜியன்ட்4 என்னும் மென்பொருள் ஒவ்வொரு துகளையும் உணர்கருவியின் சிலிக்கான், உலோக அடுக்குகள் வழியே அடி அடியாக நகர்த்துகிறது. காந்தப்புலத்தில் அது எவ்வளவு வளையும், எங்கே ஆற்றலை இழக்கும், எப்போது புதிய துகள்களாகப் பிரியும் என ஒவ்வோர் அடியிலும் கணக்கிட வேண்டியிருப்பதால், கணினி நேரத்தை மிகுதியாக விழுங்குவது இந்தக் கட்டமே. இறுதியில் அவை மின்னணுச் சமிக்ஞைகளாக மாற்றப்படுகின்றன. இதன்பின் உண்மைத் தரவையும் செயற்கைத் தரவையும் ஒரே மென்பொருள்தான் பகுத்தாய்கிறது. செயற்கை மோதலில் மட்டும், உண்மையில் எந்தத் துகள் தோன்றியது என்ற விடைத்தாளும் கையில் இருக்கும்.

அளவுகோலே பிழைத்தால்?

இத்துகளின் நிறை 80,357 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்பது துகள் இயற்பியலின் திட்டமாதிரிக் கணிப்பு. ஆனால், அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் செயல்பட்ட சிடிஎஃப் குழு 2022 ஏப்ரலில் 80,433.5 என அறிவித்தது. பிழை வரம்பு வெறும் 9.4 என்பதால், இயற்பியலின் அடித்தளமே ஆட்டம் காண்கிறதோ என்ற விவாதம் எழுந்தது. சிஎம்எஸ் கண்ட மதிப்போ 80,360.2, பிழை வரம்பு 9.9. இது கணிப்புடன் ஒத்துப்போகிறது. இரு அளவீடுகளும் ஏன் வேறுபடுகின்றன என்பது இன்னும் விளங்கவில்லை.

மியூவானின் உந்தத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தவறாகக் கணித்தாலே நிறை சுமார் 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் விலகிவிடும். உருவகத்தில் நேரும் சிறு பிழையும் புதிய கண்டுபிடிப்பாக வேடம் தரிக்கக்கூடும். எனவே சிஎம்எஸ் குழு தன் முறையைத் தானே சோதித்தது. நிறை துல்லியமாக அறியப்பட்ட இசட் போசான் இரு மியூவான்களாகச் சிதையும் நிகழ்வுகளை எடுத்து, ஒரு மியூவானை வேண்டுமென்றே நீக்கி, அது தப்பிச்சென்ற நியூட்ரினோ எனக் கொண்டு நிறையைக் கணக்கிட்டது. சரியான விடையே கிடைத்தது.

செர்னில் 2017 முதல் இணை உறுப்பினராக உள்ள இந்தியாவுக்கும் இத்தகைய கணக்கீடுகளில் பங்கு உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சிஎம்எஸ் ஆய்வுக்கும், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்தில் ஆலிஸ் ஆய்வுக்கும் உரிய கணினி மையங்கள் செர்னின் உலகளாவிய கணினி வலையமைப்பில் இணைந்துள்ளன.

வரும் 2030-ஆம் ஆண்டுவாக்கில் மோதுவிப்பான் மேம்படுத்தப்படும்போது மோதல்கள் பெருகும். அதற்கேற்பச் செயற்கைத் தரவும் பெருக வேண்டும். ஜியன்ட்4 கணக்கீடுகள் அதற்கு ஈடுகொடுக்க இயலாது என்பதால், அட்லஸ் ஆய்வுக் குழு அவற்றின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவிடம் ஏற்கெனவே ஒப்படைத்துள்ளது. அந்த நுண்ணறிவு பாடம் கற்பதும் ஜியன்ட்4 உருவாக்கிய மோதல்களிலிருந்தே. எனவே அதன் விடைகள் ஜியன்ட்4 விடைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட பின்னரே பயன்படுத்தப்படுகின்றன.