வறுமை அறிவின்மையால் வருவதல்ல

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் யாழ்ப்பாணத்தில் வழமையாகக் கேட்கும் வார்த்தை ஒன்றுண்டு. "அவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்பதே அது. கரையோரக் கிராமத்துப் பிள்ளை, தோட்டக் கூலியின் பிள்ளை, மீள்குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஆகியோர் மீதே இவ்வார்த்தை அதிகம் வந்து விழுகின்றது.

அறிவுடையவன் செல்வம் சேர்க்கின்றான், அறிவற்றவன் வறியவனாகின்றான் என்ற நினைப்பே இதன் வேர். இந்நினைப்பு சரியானதா?

தமிழகத்தின் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டு, 2013இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. அறுவடைக்கு முன்னரும் பின்னரும் அதே விவசாயிகளின் சிந்தனைத் திறன் அளக்கப்பட்டது. முன்னர் 100க்கு 78 பேர் ஏதேனும் பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் அது 4 ஆகக் குறைந்தது. அறுவடைப் பணம் கைக்கு வந்த பின் அவர்களின் சரியான விடைகள் ஏறத்தாழக் கால்பங்கு கூடின.

ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை. கடன் கவலை நீங்கியது, அவ்வளவே. இவ்வாய்வு குறித்து அறிஞர்களிடையே விவாதங்கள் உண்டெனினும், அது காட்டும் உண்மை நமக்குப் புதியதன்று. தாலிக்கொடியை அடகு வைத்து வெங்காயம் நட்டவருக்கும், கடல் கொந்தளிக்கும் காலத்தில் தொழிலுக்குச் செல்ல முடியாதவருக்கும் இது நன்கு தெரியும்.

நம் மண்ணின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். நேற்றுவரை வர்த்தகர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்தோர் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்துத் தமிழர்கள் ஓரிரவில் வீதிக்கு வந்தனர். அந்த ஒரே நாளிலா இவர்களின் அறிவு குன்றிப்போயிற்று?

இல்லை. குன்றியது கையிருப்பு. ஆனால் அடுத்த வேளை உணவையும் கூரையையும் எண்ணிக் கொண்டிருக்கும் மனத்தில் பாடத்துக்கு இடம் எங்கே?

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவைத் திறந்தது. எனினும் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. தரம் 5 புலமைப்பரிசில் தொட்டு உயர்தரம் வரை, ரியூசன் கட்டணம் செலுத்த முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஒரே வினாத்தாள்தான். பெறுபேற்றில் தெரியும் இடைவெளியை அறிவின் இடைவெளி என்று கொள்வது அநீதியாகும்.

எனவே நம் சமூகத்தை நோக்கி ஒரு வேண்டுகோள். பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர் உறவுகளும் கோயில் அறக்கட்டளைகளும் ஸகாத் நிதியை நிர்வகிப்போரும், சித்தி பெற்ற பின் பரிசளிப்பதோடு நின்றுவிடலாகாது. அறுவடைக்கு முந்திய மாதங்களிலும் கடற்றொழில் முடங்கும் நாள்களிலும் பரீட்சைக்கு முந்திய வாரங்களிலும் அந்த வீடுகளின் கதவைத் தட்டுங்கள். உணவு, பயணச் செலவு, மாலைநேர இலவச வகுப்பு ஆகியவை அப்போதே தேவை.

பிள்ளையின் பாரத்தை முதலில் இறக்கி வைப்போம். அதன் பின்னர் அவன் அறிவைப் பற்றிப் பேசுவோம்.