மண்ணுக்கடியில் நகரம் – 9: கருவியை எங்கே வைப்பது?

ஊர் அடங்கிய பின் இரும்புக் கோலைத் தரையில் ஊன்றி, மறுமுனையைச் செவியோடு பொருத்தி, குழாயின் கசிவோசையைத் தேடித் தெருத்தெருவாக நடக்கும் தொழிலாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் சொன்னேன். அந்தச் செவிக்கு நிகரானதொரு கருவியைப் பூமிக்கடியில் நிரந்தரமாக அமர்த்திவிட முடியும். ஆனால் அதை எந்த இடத்தில் அமர்த்துவது என்பதில்தான் சூக்ஷ்மம் அனைத்தும் அடங்கியிருக்கிறது.

மாஸ்கோ நகரத்து ஜலவிநியோகக் குழாய்கள் வெடிப்பதன் காரணத்தை ஆராயப் புகுந்த ருஷ்ய விஞ்ஞானி நிக்கலாய் ஷுக்கோவ்ஸ்கி, 1897-ஆம் ஆண்டில் 2, 4, 6 அங்குல விட்டமுள்ள நீண்ட குழாய்களை அமைத்து, ஓடும் நீரை வால்வினால் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் ஓர் அலையாகக் கிளம்பி, விநாடிக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாத வேகத்தில் பாய்ந்து திரும்புவதைக் கண்டதோடு, வழியில் ஓட்டை இருந்தால் அலையின் ஒரு பகுதி அங்கிருந்தே திரும்பிவிடுவதால், அது வந்துசேரும் நேரத்தைக் கொண்டு ஓட்டையின் தூரத்தைக் கணித்துவிடலாம் என்றும் கண்டார்.

கசிவின் ஓசைக்கும் நேரக் கணக்கே ஆதாரம். 400 மீட்டர் இடைவெளியில் இரண்டு வால்வுகளின்மேல் இரண்டு கருவிகளைப் பொருத்தியிருக்கிறோம். ஓசையின் வேகம் விநாடிக்கு 1000 மீட்டர். ஒன்றை எட்டிய ஓசை பத்தில் ஒரு விநாடி கழித்து மற்றதை எட்டுகிறது என்றால், முதற்கருவியிலிருந்து சரியாக 150 மீட்டர் தள்ளித் தோண்டலாம். வார்ப்பிரும்பில் இது சுலபம். பிளாஸ்டிக் குழாயிலோ ஓசையின் வேகமும் குறைவு, சீக்கிரமே அது மங்கியும் போவதால், கருவிகளை நெருக்கி வைக்க வேண்டும், செலவும் ஏறும்.

ஆகவேதான், மலிவான அழுத்தமானிகளை ஊர் முழுவதும் பரவலாக வைக்கும் முறை செல்வாக்குப் பெற்றது. தொட்டியின் அருகே வைத்தால், அங்கே அழுத்தத்தை நிர்ணயிப்பது தொட்டியின் நீர்மட்டமே என்பதால், எங்கே கசிந்தாலும் முள் அசையாது. கடைக்கோடியில் வைத்தாலோ எந்தக் கசிவுக்கும் முள் இறங்கும். எந்தத் தெருவில் என்று மட்டும் சொல்லாது. அதிகமாக அசையும் இடத்தைவிட, ஒரு கசிவையும் மற்றொரு கசிவையும் வேறுபடுத்திக் காட்டும் இடமே உத்தமமானது என்பது என் திடமான அபிப்பிராயம். திறக்க வசதியான குழி, பூட்டுள்ள அறை என்று சௌகரியத்தைப் பார்த்துக் கருவியை வைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கருவிகளை வைக்கத்தக்க இடங்களின் எல்லாச் சேர்க்கைகளையும் கணித்துப் பார்க்கக் கணிப்பொறிக்கும் ஆயுள் போதாது. ஆனால் ஒவ்வொரு கருவியாக, அப்போதைக்கு மிகுந்த லாபம் தரும் இடத்தைத் தேர்ந்துகொண்டே போனால், கருவி கூடக்கூட லாபம் குறைந்துவரும் வகையைச் சேர்ந்த பிரச்சினைகளில், மிகச் சிறந்த விடையின் பயனில் நூற்றுக்கு 63 பங்காவது கிட்டும் என்று 1978-இல் கணித அறிஞர்கள் நிரூபித்திருக்கிறார்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறைகளுக்காக 2020-இல் நடந்த ஒரு சர்வதேசப் போட்டிக்கென, சைப்ரஸ் நாட்டின் கடற்கரை நகரமொன்றை ஒட்டிக் கணிப்பொறியில் உருவாக்கிய ஊரில், 782 குழாய்ச் சந்திகளுக்கு 33 அழுத்தமானிகளே இருந்தன. சட்டென்று வெடிக்கும் குழாய் உடனே அகப்பட்டுவிடும். மாதக்கணக்கில் துளித்துளியாக வளரும் கசிவோ, மக்களின் அன்றாடச் செலவிலேயே மறைந்துவிடும். சுத்திகரித்து ஏற்றிய குடிநீர் அவ்வாறு மண்ணில் போவதோடு நிற்பதில்லை. அழுத்தம் விழும் வேளையில் அதே துவாரத்தின் வழியே சாக்கடை நீரும் உள்ளே புகுந்து, கடைசித் தெருக் குழந்தையின் குவளையை அடைகிறது. இத்தகைய மெதுவான கசிவைப் பிடிக்க, ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, பின்னிரவு நேரத்து ஓட்டத்தை அளக்கும் முறையை அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.