பாணர் வீட்டுப் பெண்

தருமபுரம் என்றதும் பலருக்கு மயிலாடுதுறை ஆதீனம்தான் நினைவுக்கு வரும். நாம் பேசப்போவது காரைக்காலை ஒட்டிய தருமபுரம், யாழ்மூரிநாதர் கோயில் உள்ள ஊர்.

7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாட, கூடவே யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். பதிகங்களின் புகழுக்கெல்லாம் பாணரின் யாழே காரணம் என்று அங்கிருந்த உறவினர்கள் பெருமை பேசினார்கள். சொந்தக்காரர்கள் அப்படித்தானே பேசுவார்கள்! பாணரோ பதறிப்போனார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரிடம் வேண்டினார். சம்பந்தர் பாடினார். யாழ் தோற்றது. கருவியையே உடைக்க ஓங்கிய பாணரைச் சம்பந்தர் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். அந்த யாழ்மூரிப் பதிகத்தை ஓதுவார்கள் இன்று அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து, ராசராச சோழன் காலத்தில், தில்லையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்டார். கரையான் தின்றது போக எஞ்சிய பாடல்கள் கிடைத்தன. பாடும் முறைதான் தெரியவில்லை. தேடிப் போனது பாணரின் சொந்த ஊரான எருக்கத்தம்புலியூருக்கு. விருத்தாசலம் பக்கம் இன்று ராஜேந்திரப்பட்டினம் எனப்படும் ஊர் அது. அங்கே பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை அழைத்துவந்து, அவரைக்கொண்டே பதிகங்களுக்குப் பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். ஓதுவார்கள் இன்றும் பண்முறை என்று கொண்டாடுவது, மரபுப்படி, அந்தப் பெண் வகுத்துத் தந்ததைத்தான்.