அடுத்து நீ என்ன செய்வாய்?

கதை சொல்லும் பாட்டிக்கு 'உம்' கொட்ட ஓர் ஆள் வேண்டும். 'உம்' நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும். பிள்ளை தூங்கிவிட்டது என்று பாட்டி விளக்கைத் தணித்துவிடுவார். ஆகவே கதை கேட்பவருக்கும் கதையில் பங்கு உண்டு என்பது நம் வீடுகளில் பழைய செய்திதான். ஆயினும் 'உம்' கொட்டுபவரால் கதையை ஓட்ட முடியுமேயன்றித் திருப்ப முடியாது. இளவரசி அந்தக் காட்டுக்குள் போக வேண்டாமே என்று நாம் எவ்வளவுதான் தவித்தாலும் அவள் போயே தீருவாள்.

வேதாளம் இதில் ஒரு படி மேலே சென்றது. அம்புலிமாமா படித்து வளர்ந்த பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கதை முடிந்ததும் கேள்வி வரும். விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் விக்கிரமனின் தலை வெடித்துவிடும்; திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்ளும். நம் ஆண்டவர் சொன்ன உவமைகளிலும் இத்தகைய இடங்கள் உண்டு. நல்ல சமாரியன் உவமை, மூவருள் அயலான் யார் என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. ஊதாரி மைந்தன் உவமையில், கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகன் கடைசியில் விருந்துக்குள் சென்றானா இல்லையா என்பதை லூக்கா நற்செய்தி சொல்லவே இல்லை. தந்தை வெளியே வந்து அழைக்கிறார், அத்தோடு சரி. மீதி கேட்பவர் பொறுப்பு.

தோழியரே, இப்படி நின்று, "இப்போது நீ என்ன செய்வாய்?" என்று நம்மையே கேட்டு, நாம் சொல்லும் விடைக்கேற்ப மேலே நடக்கும் கதைகள் இன்று உலகெங்கும் உள்ளன. படமும் இல்லை, ஓசையும் இல்லை, சொற்கள் மட்டுமே. அவை எப்படி இயங்குகின்றன, தமிழில் அவற்றை எழுத இயலுமா என்பதையே இங்கு பார்க்கப் போகிறோம்.

இவற்றுள் பெரும்புகழ் பெற்ற முதல் விளையாட்டு ஒரு தந்தையின் ஏக்கத்தில் பிறந்தது. அமெரிக்கப் பொறியாளர் வில் குரோதர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கிய குழுவினருள் ஒருவர். குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் எழுதுவது அவருக்கும் அவர் மனைவிக்கும் விருப்பமான பொழுதுபோக்கு. கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகை, உலகில் அறியப்பட்ட குகைகளிலேயே நீளமானது. அதன் மூலைமுடுக்கெல்லாம் அவருக்குப் பாடம். பிறகு குடும்பம் பிரிந்தது. இரண்டு பெண் குழந்தைகளிடமிருந்து தாம் விலகிப் போகிறோமே என்ற கவலையில், 1975-76ஆம் ஆண்டுகளில், அலுவலகத்துப் பெருங்கணிப்பொறியில் அந்தக் குகையைச் சொற்களாலேயே கட்டினார். குழந்தைகள் தட்டச்சுப் பலகையின் முன் அமர்ந்து, வடக்கே போ, விளக்கை எடு என்று இரண்டிரண்டு சொற்களாக ஆணையிடலாம். கணிப்பொறி அவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள், எதிரே என்ன தெரிகிறது என்று எழுதிக் காட்டும்.

1977இல் டான் உட்ஸ் என்ற இளைஞர், குரோதரின் இசைவு பெற்று, அந்தக் குகைக்குள் மாயங்களையும் புதையல்களையும் பெருக்கினார். அதில் ஓரிடம் நமக்கு மிகவும் பிடித்தது. வழியை மறித்து ஒரு பாம்பு கிடக்கும். எதைக் கொண்டு அடிப்பது என்றே எல்லாரும் யோசிப்பார்கள். உண்மையில் முன்பு கூண்டில் பிடித்து வந்த சிறு பறவையைத் திறந்துவிட்டால் போதும், அது பாம்பை விரட்டிவிடும். ஆனால் கையில் கோல் வைத்திருப்பவரிடம் அந்தப் பறவை சிக்காது. கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் நெருங்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நாமே பலமுறை தோற்றுக் கண்டுபிடிக்க வேண்டும். விளக்கின் மின்கலமும் தீர்ந்துகொண்டே வரும். இருட்டில் நடந்தால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான்.

இதே காலத்தில் புத்தகத்திலும் இம்முயற்சி நடந்தது. அங்கும் பெண் குழந்தைகளே காரணம்! எட்வர்ட் பாக்கர்ட் என்ற வழக்கறிஞர் இரவில் தம் மகள்களுக்குக் கதை சொல்வது வழக்கம். ஒருநாள் மேலே என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். ஒருத்தி ஒன்று சொன்னாள், மற்றொருத்தி வேறு சொன்னாள். இரண்டையும் ஏன் எழுதக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1969இல் எழுதிய அந்நூல் 1976இல்தான் அச்சேறியது. 1979இல் அவ்வகை நூல்கள் பெரிய வரிசையாக வரத் தொடங்கி, இதுவரை 25 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுள்ளன. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், இதைச் செய்வதானால் இந்தப் பக்கத்துக்குப் போ, அதைச் செய்வதானால் அந்தப் பக்கத்துக்குப் போ என்றிருக்கும். அவ்வளவே அதன் பொறி.

எளிதாகத் தோன்றும் இந்தப் பொறிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒருமுறை இரு வழி என்றால் இரண்டு முடிவுகள். ஐந்து முறை பிரிந்தால் 32. பத்து முறை பிரிந்தால் 1,024. இருபது முறை என்றால் 10,48,576! எந்த எழுத்தாளராலும் இவ்வளவு முடிவுகளை எழுத முடியாது. எனவே வழிகளைப் பிரித்தால் மட்டும் போதாது, திரும்பச் சேர்க்கவும் தெரிய வேண்டும். நம் செட்டிநாட்டு வீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முகப்பில் நுழைந்தவர் இடப்புற அறைக்கும் போகலாம், வலப்புற அறைக்கும் போகலாம். எங்கு போனாலும் வளவுக்கு வந்துதான் இரண்டாம் கட்டுக்குப் போக வேண்டும். நல்ல கதை விளையாட்டுக்கும் இத்தகைய வளவுகள் உண்டு.

அப்படியானால் எந்த அறைக்குப் போனாலும் ஒன்றுதானே, தேர்வு என்பது வெறும் ஏமாற்றுத்தானே என்று நீங்கள் கேட்கலாம். மிகச் சரியான கேள்வி. இதற்கு விடையாக அமைவதுதான் நினைவு. குன்றக்குடியையே களமாக வைத்துப் பார்ப்போம்.

நீ மலையடிவாரத்தில் நிற்கிறாய். பொழுது சாய்கிறது. மயில்போலத் தெரியும் குன்றின் மேல் எங்கோ உன் ஆட்டுக்குட்டி கத்துகிறது. கையில் ஒரு லாந்தர். அதில் அரை மணி நேரத்துக்கு எண்ணெய். ஒருபுறம் மேலேறும் படிகள். மறுபுறம் பாறையைக் குடைந்த பழங்காலக் குடைவரைகள். வழியோரம் பூக்காரப் பாட்டி ஒருவர், அணைந்த விளக்கை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போ ஆத்தா" என்கிறார்.

எண்ணெய் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நீ மேலே போகத்தான் போகிறாய், அது வளவு. ஆனால் கதை உன் செயலைக் குறித்து வைத்துக்கொள்கிறது. கொடுத்தவளுக்குக் குடைவரையின் உள்ளே பாதியில் லாந்தர் அணைந்துவிடும். ஆனால் வெளியே பாட்டியின் விளக்கு எரிவதால் வாயில் இருக்கும் திசை தெரியும். கொடுக்காதவளுக்குக் கடைசிவரை வெளிச்சம் உண்டு, ஆட்டையும் பிடித்துவிடுவாள், ஆனால் இறங்கும்போது பாட்டி இருட்டில் தடுமாறிக்கொண்டிருப்பதைக் காண்பாள். எவள் வென்றாள் என்று கதை தீர்ப்புச் சொல்லாது. பட்டிமன்றத்தைத் தமிழகமெங்கும் பரப்பிய குன்றக்குடி அடிகளார் வாழ்ந்த ஊர் இது. இரு பக்கத்தையும் நின்று கேட்பது இவ்வூர்க்காரர்களுக்குப் புதிதன்று. பட்டிமன்றத்தில் இரு பக்கத்தையும் கேட்கலாம். கதை விளையாட்டில் இரு பக்கமும் நடந்தே பார்க்கலாம்.

நினைவு இல்லாத தேர்வு ஏமாற்றுத்தான். நான்கு விடைகளைக் காட்டி, எதைத் தொட்டாலும் அதே அடுத்த வரியைக் கொடுக்கும் கைபேசி விளையாட்டுகள் ஏராளம். இன்னும் சிலவற்றில், அன்பான விடையைத் தேர்ந்தெடுக்க விரும்பினால் காசு கட்ட வேண்டும்! பெற்றோர் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பது நம் எண்ணம். 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு, பேயை வழிபடத் தூண்டுகிறது என்று 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் போராடினர். ஆய்வுகள் அக்குற்றச்சாட்டை மெய்ப்பிக்கவில்லை. அந்த விளையாட்டுக்கு ஊற்றாயிருந்த கதைகளுள் சிலவற்றை எழுதிய டோல்கீன் உறுதியான கத்தோலிக்கர் என்பதையும் சொல்லிவைப்போம். நமக்கு அஞ்ச வேண்டியது அந்தப் பறவை நாகமன்று, பணப்பைதான்.

இனித் தமிழுக்கு வருவோம். குரோதரின் நிரல் ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே பார்த்தது. ஆங்கிலத்துக்கு அது போதுமானதாயிருந்தது. தமிழிலோ சொல்லின் உயிர் பெரும்பாலும் கடைசியில்தான். மரத்தை வெட்டு, மரத்தில் ஏறு, மரத்தோடு கட்டு என்பவற்றில் தொடக்கம் ஒன்று. வேற்றுமை உருபுதான் வேறு. அதோடு, 'மரம்' என்று மட்டும் அறிந்த கணிப்பொறிக்கு 'மரத்தை' என்பது புதுச்சொல்லாகத் தோன்றும். கிணறு 'கிணற்றை' ஆகும், ஆடு 'ஆட்டை' ஆகும். சாரியையும் குற்றியலுகரமும் எதற்குப் படிக்கிறோம் என்று முணுமுணுக்கும் தோழியருக்கு இதோ விடை! மரத்து, கிணற்று, ஆட்டு என்ற வடிவங்களையும் சேர்த்து நிரலுக்குக் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் உருபைப் பிரித்து அது பொருள் கண்டுகொள்ளும்.

இதில் தமிழுக்கு ஒரு வசதியும் உண்டு. உருபு இருப்பதால் சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறாது. விளக்கைப் பாறைமேல் வை என்றாலும், பாறைமேல் விளக்கை வை என்றாலும் ஒன்றே. வினைச்சொல் கடைசியில் வருவதால், 'படி' என்பது ஏறும் படியா, பாடம் படிப்பதா என்ற குழப்பமும் தீரும். படியில் ஏறு என்றால் ஏறுவது. ஓலையைப் படி என்றால் படிப்பது.

'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்ற தொல்லை ஆங்கிலத்தாருக்கு இல்லை. நம் அருட்சகோதரி விளையாட அமர்ந்தால், "நீ பள்ளத்தில் விழுந்தாய்" என்று கணிப்பொறி சொல்லலாமா? (சொன்னால் சிரிப்பார் என்றே நம்புகிறோம்.) ஆனால் 'நீ'யில் ஒரு சிறப்பு உண்டு. 'சென்றான்' என்றால் ஆண், 'சென்றாள்' என்றால் பெண். 'நீ சென்றாய்' என்பதற்குப் பால் இல்லை. பழைய கதைகளில் வாளும் விளக்கும் ஏந்திப் புறப்பட்டவன் பெரும்பாலும் இளவரசன்; இளவரசி கோட்டையில் காத்திருந்தாள். 'நீ' என்று தொடங்கும் கதையில் யார் படிக்கிறாளோ அவளே புறப்படுகிறாள். எழுதியவர் அதற்காக ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

இத்துறையில் நம்மவர் பெயர்களும் உண்டு. 2014இல் வெளிவந்த 'எண்பது நாட்கள்' என்ற கதை விளையாட்டை எழுதியவர் இந்திய வம்சாவளியினரான மேக்னா ஜெயந்த். ஜூல்ஸ் வெர்ன் 1873இல் நூலாக வெளியிட்ட உலகப் பயணக் கதையை எடுத்துக்கொண்டு, வேலைக்காரர் பாஸ்பார்த்தூவாக நம்மை நடக்க வைக்கிறார். சுமார் 5 இலட்சம் சொற்கள். ஒரு பயணத்தில் அவற்றுள் சிறு பகுதியையே நாம் படிப்போம். வெர்னின் கதையில் ஐரோப்பியர் கடந்து போகும் காட்சிகளாக இருந்த நாட்டு மக்கள், இதில் தமக்கென எண்ணமும் எந்திரமும் உடையவர்களாக வருகிறார்கள். கனடாவின் டொராண்டோவில் உருவான 'வெண்பா', 2023இல் வந்தது. 1988இல் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி ஊற்ற வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வாயிற்று. அதில் படங்கள் உண்டு, மாயம் இல்லை, தேர்வுகள் முடிவைப் பெரிதும் மாற்றுவதும் இல்லை. எனினும் தமிழ்ச் சமையலறை உலக விளையாட்டில் இடம்பெற்றது சிறிய செய்தியா?

எழுதிப் பார்க்க விரும்புவோருக்குக் கணிப்பொறி கட்டாயமில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். முதலில் வழிகளைப் படமாக வரையுங்கள். பகுதிகளுக்கு எண் இடுங்கள். அடுத்தடுத்த பகுதிகள் அருகருகே வராதபடி எண்களைக் கலைத்துவிடுங்கள். கணிப்பொறி இருந்தால், 2009இல் வெளிவந்த ட்வைன் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ் எழுத்துகளையும் ஏற்கும். எழுதி முடித்தபின் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, வாய் பேசாமல் பக்கத்தில் அமர்ந்திருங்கள். நீங்கள் ஏறு என்றும் இறங்கு என்றும் வழி வைத்திருப்பீர்கள். அவள் உங்களை நிமிர்ந்து பார்த்து, "ஏன் அக்கா, நானும் ஆட்டுக்குட்டி மாதிரியே கத்தினால் அது என்னிடம் வராதா?" என்பாள். அதற்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்.