மீன் தொட்டியின் அடியைக் கவனியுங்கள்

வயல் வேலை இல்லாத நாட்களில் கைச்செலவுக்கு உதவும் உபதொழில்களில் வண்ணமீன் வளர்ப்பும் ஒன்று. சென்னை கொளத்தூர்ப் பகுதியில் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் குடும்பங்கள் பல உண்டு. தண்ணீர் வசதியுள்ள நம் குமரி மாவட்டத்திலும் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களைச் சிறு விவசாயிகள் வீட்டிலேயே வளர்க்கலாம். குஞ்சுகளை வளர்க்கச் சிமெண்ட் தொட்டி போதும். ஆனால் தாய் மீன்களைத் தனியே வைத்துக் கவனிக்கவும், வாங்க வருவோருக்குக் காட்டவும் கண்ணாடித் தொட்டி தேவைப்படுகிறது. இத்தொட்டி ஓர் இரவில் கீறிவிட்டால் பல மாதம் தெரிந்தெடுத்துச் சேர்த்த தாய் மீன்கள் விடிவதற்குள் தரையில் செத்துக் கிடக்கும். கண்ணாடி மட்டம் என்று கடைக்காரரைக் குறை கூறுவோம். பெரும்பாலும் குறை கண்ணாடியில் இல்லை, தொட்டியை உட்கார வைத்த விதத்தில்தான் இருக்கிறது.

முதலில் எடையைப் பார்ப்போம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டியில் மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 90 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ. 6 மி.மீ. கண்ணாடியின் எடை 18 கிலோ, அடியில் பரப்பும் கூழாங்கல் 15 கிலோ என்று சேர்த்தால் ஏறக்குறைய 125 கிலோ வரும். ஒரு கோட்டை நெல் 87 கிலோ என்பது நம் ஊர்க் கணக்கு. ஏறக்குறைய ஒன்றரைக் கோட்டை நெல்லை இரவும் பகலும் இறக்காமல் சுமக்கும் தாங்கியைத்தான் நாம் தயார் செய்ய வேண்டும்.

முற்காலத்தில் தொட்டிகளை இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, மக்கு வைத்து அடைத்தார்கள். பாரத்தில் பெரும்பகுதியைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இப்போது சிலிக்கோன் பசையால் கண்ணாடிகளை நேரடியாக ஒட்டுகிறார்கள். சட்டம் இல்லாததால் அடிக்கண்ணாடி வெறுமனே தாங்கியின் மேல் உட்காருகிறது. கண்ணாடி பரவலான அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைவதைத்தான் தாங்காது. அடியில் மணற்பருக்கை ஒன்று சிக்கினாலும், பற்றவைத்த இடத்தில் இரும்பு சற்றுத் துருத்தி நின்றாலும், பாரம் அந்த ஒரு புள்ளியில் குவிந்து கீறல் அங்கிருந்து புறப்படும்.

மூன்றடித் தொட்டிக்கு ஓர் அங்குல ஆங்கிள் இரும்பில் தாங்கி செய்தால் போதும். நான்கடி என்றால் ஒன்றரை அங்குலம் நல்லது. பட்டறையிலிருந்து எடுத்து வருமுன் மேல்சட்டத்தின் மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். பற்றவைப்பு முடிச்சு தட்டுப்பட்டால் அங்கேயே தேய்த்துச் சமமாக்கச் சொல்லுங்கள். முட்டம், குளச்சல் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும். ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் இரண்டு பூச்சு எனாமல் பெயின்ட் அடிப்பது அவசியம். சட்டத்தின் மேல் முக்கால் அங்குல நீர்தாங்கும் பிளைவுட் பலகையை ஒரே துண்டாகப் போட வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய மரப்பலகையைப் போட்டால் ஈரம் பட்டு நெளியும். பலகை நெளிந்தால் கண்ணாடியும் நெளிய வேண்டிவரும்.

பலகைக்கும் தொட்டிக்கும் இடையில் அரை அங்குலத் தெர்மோகோல் அட்டை இடவேண்டும். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமுள்ள அட்டை கடைகளில் கிடைக்கிறது. மூன்றடித் தொட்டிக்கு ஒட்டுப்போடாமல் ஒரே அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். தொட்டியின் விளிம்புக்கு வெளியே சற்று நீண்டிருப்பதில் தவறில்லை, உள்ளே குறையக்கூடாது. விரலால் அழுத்தினால் பொலபொலவென உதிரும் மட்ட ரகம் வேண்டாம். பருக்கையோ சிறு மேடோ இருந்தால் அட்டை அந்த இடத்தில் அமுங்கி இடங்கொடுத்து, பாரத்தைச் சுற்றிலும் பரப்பிவிடும். இதன் வேலை இவ்வளவே. கோணலான தாங்கியை அது நிமிர்த்தாது. எனவே அட்டை போடுமுன் வெறும் தொட்டியைப் பலகைமேல் வைத்து நான்கு மூலையையும் அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, இடுக்கில் தீக்குச்சி நுழைந்தாலோ தாங்கியைத்தான் திருத்த வேண்டும்.

கயிற்றுப் பாய் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது. பின்னலின் மேடுபள்ளம் ஒருபுறமிருக்க, சிந்தும் தண்ணீரை அது குடித்து வைத்துக்கொண்டு பலகையை மக்கச் செய்யும், இரும்பைத் துருவேற்றும். மடித்த சாக்கும் அப்படியே. தெர்மோகோலிலும் ஒரு தொல்லை உண்டு. எறும்பு குடைந்து கூடு கட்டும். அடியில் வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். சில தொட்டிகளின் அடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். அடிக்கண்ணாடி பலகையைத் தொடாமல் சற்று மேலே நிற்கும். இவ்வகைத் தொட்டிகளுக்குத் தெர்மோகோல் போடக்கூடாது. சட்டம் அட்டையில் அமுங்க, நடுவில் அட்டை கண்ணாடியை மேல்நோக்கி நெருக்கும். பாதுகாப்புக்குப் போட்டதே கேடாகிவிடும்.

நம் வீடுகளில் திண்ணையும் தாழ்வாரமும் தண்ணீர் வடிவதற்காகச் சாய்வாகவே போடப்பட்டிருக்கும். மண் தரையானால் நம் ஊரின் இரண்டு மழைக்காலங்களிலும் ஊறி இளகும், தாங்கியின் கால் ஒன்று புதையும். நான்கு காலுக்கும் கீழே அரையடிச் சதுரக் கருங்கல் துண்டு பதித்து, கொத்தனாரின் ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்க்க வேண்டும். ஆப்பு வைப்பதானால் தாங்கியின் காலுக்குக் கீழே வையுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே அட்டையை மடித்துச் செருகுவது ஒருநாளும் கூடாது. தாங்கி முழுவதும் கால்வழியே உயர்ந்தால் தொட்டி சமமாக எழும். நடுவே செருகினால் ஒரு மூலை மட்டும் பாரத்தை ஏற்கும்.

முதல்முறை கால் தொட்டி தண்ணீர் விட்டு, நான்கு மூலையிலும் அடியிலிருந்து நீர்மட்டம் வரை அளவுகோலால் அளந்து பாருங்கள். அளவு ஒத்திருந்தால் பாதி நிரப்பி ஓர் இரவு விடுங்கள். பிறகு முழுவதும் நிரப்பி இரண்டு நாள் கழித்து மீன் விடலாம். வித்தியாசம் தெரிந்தால் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் காலைச் சரிசெய்ய வேண்டும். நிறைந்த தொட்டியை இரண்டுபேர் தூக்கி நகர்த்தப் பார்ப்பது கண்ணாடிக்கும் கேடு, கைக்கும் கேடு.

தொழிலாகச் செய்வோர் இரண்டு அடுக்கில் நான்கு தொட்டி வைப்பதுண்டு. மொத்தம் 500 கிலோ, அதாவது ஆறு கோட்டை நெல்லுக்குச் சற்றே குறைவு. அடுக்கைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். பழைய ஓட்டு வீட்டு மச்சின் மேல் இதை ஏற்றவே வேண்டாம்.

காற்று மோட்டாரின் பிளக்கைத் தொட்டிக்குக் கீழே வைக்காமல் பக்கத்துச் சுவரில் உயரமாக வைக்க வேண்டும். கீறலோ கசிவோ கண்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகுதான் மீன்களை வாளிக்கு மாற்றக் கையை விடுங்கள்.