சாயம் போயிற்று, விஷம் போகவில்லை!

அந்தக் கோதுமை இளஞ்சிவப்பாக இருந்தது.

1971-ம் ஆண்டு. ஈராக் நாட்டில் மழை பொய்த்து, விளைச்சல் கெட்டுப் போயிருந்தது. விதைக்குக்கூடத் தானியம் போதவில்லை. ஆகவே அந்த நாட்டு அரசாங்கம் வெளிநாடுகளில் இருந்து விதைக் கோதுமையும் வாற்கோதுமையும் வரவழைத்தது. மொத்தம் சுமார் 95 ஆயிரம் டன்! கோதுமை மெக்சிகோ நாட்டில் இருந்து கப்பலில் வந்தது. பிறகு கிராமம் கிராமமாகப் போயிற்று.

விதையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, அதன்மேல் ஒரு மருந்து தடவியிருந்தார்கள். பாதரசம் சேர்ந்த மருந்து அது. பெயர் 'மெதில் மெர்க்குரி'. கொடிய விஷம்.

மருந்து தடவிய விதை என்று தெரிவதற்காகச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளில் எச்சரிக்கையும் எழுதியிருந்தது. ஆனால் எந்த மொழியில்? ஆங்கிலத்திலும், ஸ்பானிய மொழியிலும்!

ஈராக் விவசாயிக்குத் தெரிந்தது அரபியும் குர்தும். பலருக்கு அதையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. மண்டை ஓடும் எலும்பும் வரைந்திருந்ததே என்றால், அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள்

பல ஊர்களுக்கு மூட்டைகள் வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலமே முடிந்துவிட்டது. வீட்டிலோ பசி. நல்ல கோதுமை மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. என்ன செய்வார்கள்?

அந்த ஏழைகள் ஒன்றும் யோசிக்காமல் தின்றுவிடவில்லை. சிலர் கோதுமையைத் தண்ணீரில் கழுவினார்கள். சாயம் போய்விட்டது. சாயத்தோடு மருந்தும் போய்விட்டது என்று நினைத்தார்கள். சிலர் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நாள் ஆயிற்று. கோழி கொக்கரித்துக்கொண்டே திரிந்தது! அப்புறம்தான் மாவு அரைத்து, ரொட்டி சுட்டார்கள். குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள்.

இந்த விஷம் உடனே கொல்லாது. உடம்பில் மெல்ல மெல்லச் சேரும். சில வாரங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

முதலில் கை கால் மரத்தது. பிறகு நடை தள்ளாடியது. கண் பார்வை மங்கியது. காது அடைத்தது. சாயம் போயிற்றே தவிர, விஷம் கோதுமைக்குள்ளேயே இருந்தது.

ஆஸ்பத்திரிகளில் 6,530 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 459 பேர் மாண்டார்கள். ஆஸ்பத்திரிக்கே வராமல் வீட்டில் இறந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கர்ப்பிணிகள் தின்ற ரொட்டி, வயிற்றில் இருந்த குழந்தையின் மூளையையும் கெடுத்தது.

நம் பக்கத்திலும் நடந்தது

இதற்கு 13 ஆண்டு முன்னால் நம் பக்கத்திலும் ஒரு துயரம் நடந்தது.

1958-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதம். கோதுமை மாவும், 'பாரத்தியான்' என்ற பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் வந்தன. மருந்து கசிந்தது. மாவில் கலந்தது. அந்த மாவு கேரளத்திலும் சென்னை ராஜ்யத்திலும் பலர் வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள்.

சாப்பாட்டுச் சாமானையும் விஷத்தையும் ஒரே இடத்தில் ஏற்றக்கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பூச்சிமருந்துகளுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரு தனிச் சட்டம் அப்போது இல்லை.

மத்திய அரசாங்கம் நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தது. 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 1971-ல் விதிகள் வந்தன. சாவு நடந்து 13 ஆண்டுக்குப் பிறகு!

பூச்சிமருந்து டப்பாவில் இன்று நாம் பார்க்கும் வர்ண முக்கோணம் அந்த விதிகளின்படி போடுவதுதான். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். பிறகு நீலம். கடைசியில் பச்சை. (பச்சை என்றால் பயமே இல்லை என்று அர்த்தம் இல்லை. விஷத்தின் கடுமை குறைவு, அவ்வளவுதான்.) எழுத்துத் தெரியாதவருக்கும் நிறம் தெரியுமல்லவா?

இத்தனையும் இருந்தும் 2013-ம் ஆண்டு பீகாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் 'மோனோகுரோட்டோபாஸ்' என்ற பூச்சிமருந்து இருந்தது. டப்பாவில் வர்ணம் இருந்தால் மட்டும் போதாது. விற்கிற இடத்தையும் காலி டப்பா போகிற இடத்தையும் கவனிக்க ஆள் வேண்டும்.

"அனுப்பலாமா?" என்று கேட்கவேண்டும்

இந்தியா சாவைப் பார்த்துச் சட்டம் செய்தது. ஈராக்கும் சாவைப் பார்த்துத்தான் விழித்தது. மற்ற ஏழை நாடுகளும் இப்படிப் பிணத்தை எண்ணித்தான் பாடம் படிக்கவேண்டுமா?

இந்தக் கேள்விக்குப் பதிலாக 1998-ம் ஆண்டு ஹாலந்தில் உள்ள ராட்டர்டாம் நகரில் ஓர் உடன்படிக்கை உண்டாயிற்று. 2004-ல் அமலுக்கு வந்தது. 2005-ல் இந்தியாவும் சேர்ந்தது.

அதன்படி ஆபத்தான ரசாயனப் பொருள்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட பொருள்கள் உண்டு. பூச்சிமருந்துகளும் உண்டு, தொழிற்சாலைச் சரக்குகளும் உண்டு. இவற்றை வாங்கும் நாடு, "வரலாம்", "வரக்கூடாது", "இன்ன நிபந்தனையோடு வரலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடும். விற்கும் நாடு அந்தப் பதிலை மதிக்கவேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதில் சொல்லுவது யார்? அதற்கு ஓர் ஆபீஸ் வேண்டும். பொருளைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். துறைமுகத்தில் பீப்பாயைப் பார்த்ததும் இது இன்னது என்று அறியும் சுங்க அதிகாரி வேண்டும். இவை இல்லாத நாட்டுக்கு உடன்படிக்கை வெறும் காகிதம்தான்.

இங்கேதான் ஐ.நா. சபை கை கொடுக்கிறது. ஐ.நா. பயிற்சி நிலையம் பல நாடுகளுக்கு முதலில் ஒரு கணக்கு எடுக்கச் சொல்லிக் கொடுத்தது. நாட்டுக்குள் என்னென்ன ரசாயனங்கள் வருகின்றன? எந்த இலாகா எதைக் கவனிக்கிறது? யாருமே கவனிக்காதது எது? கணக்கு எடுத்த பிறகுதான் ஓட்டை எங்கே என்று தெரியும். 2006-ல் துபாயில் நடந்த மகாநாட்டுக்குப் பிறகு, ஏழை நாடுகள் இந்த வேலைகளைத் தொடங்கப் பண உதவித் திட்டமும் வந்தது.

ஒன்பது படங்கள்

எச்சரிக்கைச் சீட்டு ஆளுக்கு ஒரு விதமாக இருந்தால் குழப்பம்தான். ஆகவே 2003-ல் ஐ.நா. சபை உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரியான முறையை வெளியிட்டது. மொத்தம் ஒன்பது படங்கள். வெள்ளை வைர வடிவம். சுற்றிலும் சிவப்புக் கரை. தீச்சுடர் இருந்தால் பற்றிக்கொள்ளும். கையின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தால், தோலை அரிக்கும் திராவகம். பட்ட மரமும் செத்த மீனும் இருந்தால், ஆற்றில் கொட்டக்கூடாது. மனிதன் மார்பில் நட்சத்திரம் வெடித்தால், நாள் கழித்து உடம்பைக் கெடுக்கும் பொருள்.

மண்டை ஓடும் இருக்கிறது. ஈராக்கில் தோற்ற அதே மண்டை ஓடு!

ஆனால் இந்தத் தடவை படத்தை ஒட்டியதோடு விட்டுவிடவில்லை. பார்ப்பவருக்கு அது புரிகிறதா என்று அறிய, தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகம் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்துக்காக ஒரு சோதனை முறையைத் தயாரித்தது. தொழிலாளியிடம் சீட்டைக் காட்டி, "இதைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது? நீ என்ன செய்வாய்?" என்று கேட்கவேண்டும்.

ராட்டர்டாம் பட்டியலில் இப்போது பாதரசக் கூட்டு மருந்துகளும் இருக்கின்றன.