பராமரிப்புக் கட்டணமும் குடியிருப்பவர் குறையும்

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன நம் முன்னோர், வீட்டை வாடகைக்கு எடுத்துப் பார் என்று சொல்லாமற் போனதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் வீட்டுக்காரர் முன்கட்டிலோ அடுத்த தெருவிலோ வசித்தார். ஓடு ஒழுகினாலும், கிணற்று ராட்டினம் உடைந்தாலும், அவரிடமே நேரில் சென்று சொல்லலாம். அவர் நல்லவராயின் ஆள் அனுப்புவார். அல்லாதவராயின் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எவ்வாறாயினும், யாரிடம் போய் நிற்பது என்ற ஐயம் குடியிருப்பவருக்கு எழுந்ததில்லை. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கு முதலாவதாக எழும் தொல்லை அந்த ஐயமே.

ஹைதராபாத்தின் மேற்குப் பகுதியாகிய கொண்டாப்பூரை உதாரணமாகக் கொள்வோம். பக்கத்திலுள்ள மாதாப்பூரில் 1998-ஆம் ஆண்டில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு முன் இவ்வட்டாரம் கருங்கற் பாறைகளும் புதர்க் காடுகளும் ஏரிகளுமாக இருந்தது. பின்னர் கணிப்பொறித் தொழில் வளர வளர, பாறைகளை உடைத்து மாடிகளை எழுப்பினார்கள். வேலை தேடி வந்தவர்களுள் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்கள் குடியேறும் வீடுகளின் உரிமையாளரோ பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. அவர் அமெரிக்காவில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம், வீட்டை ஒரு சேமிப்பாகவே வாங்கியிருக்கலாம். கட்டடத்தைக் கவனிக்கும் பொறுப்பு உரிமையாளர் சங்கத்தைச் சாரும். சங்கம் அவ்வேலையை ஒரு பராமரிப்புக் கம்பெனியிடம் ஒப்பந்தத்திற்கு விட்டிருக்கும். மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துகிறவர் பல வீடுகளில் குடியிருப்பவர்தாம்.

லிப்ட் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் மாடியில் முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டி இருக்கிறார். குடியிருப்பவர் கம்பெனிக்குத் தொலைபேசியில் சொல்கிறார். ‘உதிரிப் பாகம் வாங்கச் சங்கம் இன்னும் அனுமதி தரவில்லை’ என்று கம்பெனி கூறுகிறது. சங்கத்தை அணுகினால், ‘நீங்கள் எங்கள் உறுப்பினர் அல்லவே, உங்கள் வீட்டுக்காரரை எழுதச் சொல்லுங்கள்’ என்கிறார்கள். வீட்டுக்காரரோ, ‘கட்டணத்தைக் கம்பெனிக்குத்தானே கட்டுகிறீர்கள், அவர்களையே கேளுங்கள்’ என்று முடித்துவிடுகிறார். மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. இதுதான் வேடிக்கை, வேதனையும் இதுதான். ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் எளிதில் மடக்கிவிடலாம்.

இந்த அலட்சியம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். லிப்டுக்கான ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இரு வகைப்படும். ஒன்றில் உதிரிப் பாகங்களும் அடங்கும். மற்றொன்றில் ஆள் வந்து பார்த்து எண்ணெய் இட்டுச் செல்வது மட்டுமே அடங்கும். பின்னதற்குச் செலவு குறைவு. ஆதலின் அதைத் தேர்ந்துகொண்டு, கட்டணத்தைக் கூட்டவில்லை என்று பெருமை பேசும் சங்கங்கள் உண்டு. பாகம் பழுதான அன்று விலைப்பட்டியல், கூட்டம், ஒப்புதல் என்று நாள்கள் நகர்கின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கதையும் இத்தகையதே. அழுக்கைத் தின்று நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஓயாது காற்று வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி இரவில் காற்றூதி இயந்திரத்தை நிறுத்தினால் அவை மாண்டுபோகும், நாற்றம் கிளம்பும். மிச்சப்பட்ட மின்சாரம் கணக்கில் தெரியும். நாற்றம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

தண்ணீரின் சங்கதி இன்னும் சிக்கலானது. கொண்டாப்பூரின் அடியில் இருப்பது கெட்டியான கருங்கற் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் நீரே ஆழ்துளைக் கிணற்றில் ஊறுகிறது. கோடையில் வெடிப்புகள் வற்றிவிட்டால், எத்தனை அடி இறக்கினாலும் பயன் இராது. அப்போது டாங்கர் லாரி வருகிறது. அதன் செலவும் குடியிருப்பவர் தலையில் விழுகிறது. வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை குடிநீரை இலவசமாக வழங்கும் திட்டம் ஹைதராபாத் மாநகராட்சிப் பகுதியில் 2021 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. குழாய் இணைப்பில் மானி ஓட வேண்டும். ஆதார் எண் இணைக்கப்பட வேண்டும். நிர்வாகம் மானியைப் பழுது பார்க்காமல் விட்டால் சலுகை கைநழுவிப் போகும். அந்த இழப்பைச் சுமப்பவர் நிர்வாகம் நடத்துபவர் அல்லர்.

சுவரில் படரும் ஈரத்தைச் சிறு குறை என்று ஒதுக்குவோர் உண்டு. இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் ஊரில் ஒரு வீட்டுவசதி நிறுவனத்தின் குடியிருப்பில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் பூஞ்சணம் படர்வதாக அதன் தந்தை 2017 முதலே முறையிட்டு வந்தார். குடும்பத்தின் பழக்கவழக்கங்களே ஈரத்திற்குக் காரணம் என்று நிறுவனம் கருதியிருந்தது. பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததே மரணத்திற்குக் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அக்குழந்தையின் பெயராலேயே அந்நாட்டில் சட்டம் பிறந்தது. அதன்படி 2025 அக்டோபர் முதல், சமூக வீட்டுவசதி நிறுவனங்கள் அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்திற்குள் கவனித்தாக வேண்டும். நம் குடியிருப்புகளில் குளியலறைச் சுவர் ஊறும்போதும் அதே பதில் வருகிறது: ‘நீங்கள் ஜன்னலைத் திறந்து வைப்பதில்லை.’ உண்மையில் மேல்வீட்டுக் குழாய் மூட்டு கசிந்திருக்கலாம். வெளிச்சுவரில் விரிசல் கண்டிருக்கலாம். முன்னது மேல்வீட்டு உரிமையாளர் பொறுப்பு. பின்னது பொதுப் பகுதியாதலால் சங்கத்தின் பொறுப்பு. ஊறலின் மூலத்தைக் கண்டறியாமல் சாயம் பூசுவது ஓட்டைக் குடத்திற்கு மஞ்சள் தடவுவது போலாகும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது? அடுக்குமாடிக் கட்டடங்களுக்கென ஆந்திரப் பிரதேசத்தில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தெலுங்கானா பிரிந்த பின்பு அங்கும் அது தொடர்ந்தது. அச்சட்டம் காண்பது உரிமையாளரை. பொதுப் பகுதியில் பங்கும் சங்கத்தில் இடமும் அவருக்கே. மனை வணிகத்தை ஒழுங்குபடுத்த 2016-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மிக நல்லதொரு சட்டம். வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானத்திலோ சேவை வசதிகளிலோ குறை தோன்றினால், கட்டியவர் 30 நாள்களில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்று அது விதிக்கிறது. ஆனால் வீட்டைப் பெறுபவர் யார் என்று வரையறுக்கும் இடத்தில், வாடகைக்குக் குடியிருப்பவர் இதில் அடங்கார் என்றும் அதுவே எழுதிவைத்திருக்கிறது. குறையைக் கண்ணாற் காண்பவர் குடியிருப்பவர். முறையிடும் உரிமையுடையவர் கடல் கடந்து இருப்பவர்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றும் 1960 முதல் உண்டு. குடியிருப்பவருக்குள்ள வசதிகளைத் துண்டிக்கலாகாது என்ற விதி அதில் இருக்கிறது. 1957 ஆகஸ்டுக்குப் பின் கட்டிய வீடுகளுக்கு அச்சட்டம் அளித்திருந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 1983-இல் செல்லாதென்று தீர்த்தது. ஆயினும் விலக்கு வேறு உருவில் திரும்பி வந்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், கட்டி முடித்துப் பதினைந்து ஆண்டு ஆகாத கட்டடங்களையும், மாநகராட்சி எல்லையில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ளவற்றையும் விலக்கிவிட்டது. கொண்டாப்பூரில் 3,500 ரூபாய்க்கு அடுக்குமாடி வீடு கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால் நாம் சற்றுத் தள்ளி நின்று கேட்பது நலம்.

அவ்வாறாயின் கதியே இல்லையோ என்றால், இருக்கிறது. மிகப் பழைய ஒரு சட்டம் துணைக்கு வருகிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பின்னும் நியாயமான காலத்திற்குள் அவர் செய்யாவிடில், குடியிருப்பவர் தாமே செய்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. ‘கடமைப்பட்ட’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கடமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வாடகை ஒப்பந்தத்தில். அதில் ஒன்றும் எழுதப்படாவிட்டால் இப்பிரிவு ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.

நம்மவர் இந்த ஒப்பந்தத்தைப் படிப்பதே இல்லை. பதினொரு மாதத்திற்கு ஒப்பந்தம் எழுதுகிறார்கள்; பதிவு செய்வதைத் தவிர்க்கும் எண்ணமே அதன் காரணம். தரகர் கொடுத்த அச்சுத்தாளில் வாடகை, முன்பணம், காலி செய்யும் போது வெள்ளையடிக்கும் செலவு ஆகியவை மறவாமல் இடம்பெறும். லிப்ட், தண்ணீர், ஒழுகல் பற்றி ஒரு வரியும் இராது. கையெழுத்திடும் முன் நாம் கேட்டுப் பெற வேண்டியவை அதிகமில்லை. குழாய்களின் மாற்றமும், மின்கம்பி வேலையும், சுவர் ஊறலும் உரிமையாளர் பொறுப்பு என்ற வாசகம் வேண்டும். எழுத்து மூலம் தெரிவித்தபின் இத்தனை நாளில் செய்யாவிடில் செலவை வாடகையில் கழிக்கலாம் என்ற வாசகமும் வேண்டும். மூன்றாவதொன்று பலர் நினைவுக்கு வருவதில்லை. பொதுப் பகுதிக் குறைகளைத் தம் பெயரில் சங்கத்திடம் முறையிடக் குடியிருப்பவருக்கு அதிகாரமளித்து உரிமையாளர் தரும் ஒரு கடிதமே அது. அரைத்தாள் கடிதம்தான். ஆயினும் ‘நீங்கள் உறுப்பினர் அல்லவே’ என்ற வாயை அது அடைத்துவிடும்.

பராமரிப்புக் கட்டணத்தை உரிமையாளர் வழியாகக் கொடாமல், நேரே கம்பெனிக்கோ சங்கத்திற்கோ செலுத்தி, நம் பெயரிலேயே ரசீது பெறுவது சிறந்தது. காரணம் சொல்கிறோம். வெறுமனே வீட்டை வாடகைக்கு விடுவது சேவையாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருத்தலால், வீட்டுக்காரர் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடுவது கடினம். பராமரிப்போ, விலை கொடுத்துப் பெறும் சேவை. அத்தகைய சேவையைப் பெறுபவரையும், பணம் கொடுத்தவரின் இசைவோடு அதன் பயனைத் துய்ப்பவரையும் நுகர்வோர் என்றே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அழைக்கிறது. மாவட்ட ஆணையத்தில் வழக்கறிஞர் இன்றியே வாதாடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் காலம் நீள்வதுண்டு.

இதற்கெல்லாம் அடிப்படை எழுத்து. தொலைபேசியில் பத்து முறை சத்தமிட்டதற்குச் சாட்சி இல்லை. தேதியிட்ட மின்னஞ்சல் ஒன்றும், விரைவு அஞ்சலில் அனுப்பிய கடிதம் ஒன்றும், லிப்ட் நின்ற நாள்களைக் குறித்த ஒரு சிறு நோட்டும், ஊறிய சுவரின் படமும் ஆணையத்தின் முன் பேசும். கோபத்தில் கட்டணத்தையே நிறுத்திவிடுவோர் இருக்கிறார்கள். அது நமக்கே வினையாக முடியும். குறை கூறுபவர் ஒரே நாளில் பாக்கிதாரர் ஆகிவிடுவார். ஆட்சேபத்தோடு செலுத்துகிறோம் என்று எழுதிவைத்துச் செலுத்துவதே தக்கது. குடியிருப்பவர் தமக்கு மின் இணைப்புக் கோரும்போது வீட்டுக்காரர் சம்மதம் தரவில்லை என்று காரணம் காட்டி மறுக்கலாகாது, மின்சாரம் அடிப்படை வசதி என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியிருப்பதையும் நினைவில் வைத்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் நிலைமை சற்று வேறு. இங்கே 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியை வாடகை அதிகாரியாக அமர்த்துகிறது. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதத்தில் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமும் அதே வழியைக் காட்டுகிறது. அது மாதிரியே, ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் நிறைவேற்றினாலன்றி அங்கே அதற்கு உயிரில்லை. தண்ணீர், மின்சாரம், லிப்ட், மாடிப்படி விளக்கு, துப்புரவு ஆகியவற்றை இன்றியமையாத சேவைகள் என்று அது பட்டியலிட்டு, அவற்றைத் துண்டிக்கலாகாது என்கிறது. மீறினால் வாடகை அதிகாரி உடனே இடைக்கால ஆணையிட்டு அவற்றை மீட்டுத் தரலாம். அந்தத் தடை வீட்டுக்காரருக்கு மட்டுமன்று. அவர் அமர்த்திய சொத்து மேலாளருக்கும் உண்டு என்று வாசகத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 1882-இல் சட்டம் வரைந்தவர்கள், வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே அப்படியொருவர் வந்து அமர்வார் என்று நினைத்தும் பார்த்திருக்கமாட்டார்கள்.